650 வார்த்தைக்குள் அடங்காத கட்டுரை: கேட்டவர்களுக்குப் பதில்

கேள்வி: அக்கா, காமன் ஆப் (அமெரிக்கக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பம்) கட்டுரை 812 வார்த்தைக்குப் போய்விட்டது. எப்படிக் குறைப்பது?

பதில்: வார்த்தை வார்த்தையாகக் கிள்ளுவதை முதலில் நிறுத்துங்கள். 160 வார்த்தை கூடியிருக்கிறது என்றால் எங்கேயோ ஒரு முழுப் பத்தியே வேண்டாததாக இருக்கும், பெரும்பாலும் முதல் பத்தி. "சிறு வயதிலிருந்தே எனக்கு எந்திரங்கள் மேல் தீராத ஆர்வம்" என்று ஆரம்பித்து, எதையெதையோ சுற்றி வந்து, ஆறாவது வரியில்தான் பழைய ரேடியோவைப் பிரித்துப்போட்ட கதை வரும். ரேடியோவிலேயே தொடங்குங்கள். கழன்று விழுந்த ஸ்க்ரூவைக் கட்டிலுக்கடியில் டார்ச் அடித்துத் தேடினீர்கள் என்று எழுதினாலே ஆர்வம் தெரிந்துவிடும். அப்புறம் "இது எனக்கு விடாமுயற்சியைக் கற்றுத் தந்தது" வகைக் கடைசிப் பத்தி, அதையும் தூக்குங்கள். இதற்குப் பிறகும் இருபது முப்பது மிஞ்சினால் கிள்ளலாம்.

கேள்வி: 655 இருந்தால் பரவாயில்லையா?

பதில்: படிவமே வாங்காது. 250-க்குக் கீழே போனாலும் அப்படித்தான். கோடு போட்டு இணைத்த சொற்களை ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு மாதிரி எண்ணும், அதனால் வேர்டு காட்டும் கணக்கை நம்பிக் கடைசி நாள்வரை இருக்காமல் பெட்டியில் ஒட்டிப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: என் மகள் 520-இல் முடித்துவிட்டாள், இழுக்கச் சொல்லலாமா?

பதில்: வேண்டாங்க. கதை முடிந்திருந்தால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: அதே கட்டுரையைச் சுருக்கி கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கும் போடலாமா?

பதில்: போடலாம், ஆனால் எடுபடாது. அங்கே 8 கேள்விகளில் 4-க்குப் பதில் எழுத வேண்டும், ஒவ்வொன்றும் 350 வார்த்தைக்குள். கதையாக ஆரம்பித்தால் அந்த ஆரம்பமே 100 வார்த்தையைத் தின்றுவிடும், பிறகு கேட்டதற்குப் பதில் சொல்ல இடமிருக்காது. முதல் வரியிலேயே நேராகப் பதிலுக்கு வாருங்கள்.

கேள்வி: இங்கிலாந்துக்கு?

பதில்: அங்கே விண்ணப்பிக்கும் தளமான யூகாஸில் கணக்கு வார்த்தையில் இல்லை, எழுத்தில், மொத்தம் 4,000, இடைவெளியும் சேர்த்து. 2026 சேர்க்கையிலிருந்து ஒரே கட்டுரை கிடையாது, 3 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350 எழுத்து. படிக்கப்போகும் பாடத்தைப் பற்றித்தான் கேட்பார்கள், ரேடியோ கதை அங்கே இரண்டு வரிக்கு மேல் வேண்டாம்.

கேள்வி: காமன் ஆப் செயல்பாட்டுப் பட்டியலில் (பாடத்துக்கு வெளியே செய்தவை) ஒவ்வொன்றுக்கும் 150 எழுத்துதான் தருகிறார்கள், அதில் என்னத்தை எழுதுவது?

பதில்: எல்லோரும் திணறுகிற இடம். "அறிவியல் மன்றத் தலைவராக இருந்து பல நிகழ்ச்சிகளைச் சிறப்பாக நடத்தினேன்" என்று எழுதாதீர்கள். பதவிக்கும் அமைப்பின் பெயருக்கும் தனிப் பெட்டி இருக்கிறது, இங்கே திரும்பச் சொன்னால் இடம்தான் வீண். "ஜூனியர்கள் 12 பேருக்கு வாராவாரம் சாலிடரிங் வகுப்பு, 3 ரோபோக்கள் செய்தோம்" போதும். முழு வாக்கியம் தேவையில்லை, "நான்" தேவையில்லை, எண் இருந்தால் எண்ணைப் போடுங்கள். "சிறப்பாக" என்பதை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.