லினக்ஸ் கெர்னலில் வேகம்: கேள்வி பதில்

கேள்வி: நெட்வொர்க் டிரைவர் ஒன்று எழுதுகிறேன் சார். பாக்கெட்டுகளை எண்ண எல்லா கோர்களுக்கும் பொதுவாக ஒரே அடாமிக் கவுன்டர் (பல கோர்கள் ஒரே நேரத்தில் கூட்டினாலும் எண்ணிக்கை தவறாத மாறி). கோர்களைக் கூட்டக் கூட்ட வேகம் படுத்துவிடுகிறது. ஏன்?

பதில்: ஒன்றைக் கூட்டுவது பெரிய வேலையே இல்லை. அந்த எண் உட்கார்ந்திருக்கும் கேஷ் லைன்தான், அதாவது கோர் தன் வேக நினைவகமான கேஷுக்கு ஒரே வீச்சில் கொண்டுவரும் துண்டுதான், சிக்கல். எக்ஸ்86-ல் அது 64 பைட். ஒரு கோர் அதில் எழுத வேண்டுமென்றால், மற்ற கோர்களிடம் உள்ள நகல்கள் செல்லாமல் போகவேண்டும். அடுத்த கோர் எழுத வரும்போது லைன் முழுவதும் அங்கே போகவேண்டும். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் இந்த இழுபறி நடக்கிறது. கோருக்கு ஒரு கவுன்டர் வையுங்கள், யாராவது மொத்தம் கேட்கும்போது மட்டும் கூட்டிக் கொடுங்கள். கெர்னலின் பெர்-சிபியு மாறிகள் இதற்காகவே இருப்பவை.

கேள்வி: பிரித்துவிட்டேன். இன்னும் பாதிதான் சரியானது.

பதில்: உங்கள் ஸ்ட்ரக்ட்டை (பல ஃபீல்டுகளைச் சேர்த்து வைக்கும் தரவு அமைப்பு) பாருங்கள். எல்லோரும் படிக்க மட்டும் செய்யும் ஒரு ஃபீல்டுக்குப் பக்கத்திலேயே, அடிக்கடி எழுதப்படும் லாக் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டு) இருக்கிறதா? இரண்டும் ஒரே லைனில் விழுந்தால், படிப்பவர்களும் மாட்டிக்கொள்வார்கள். ஊகிக்க வேண்டாம், 'பெர்ஃப் சி2சி' என்ற அளவிடும் கருவியை ஓட்டினால் எந்த லைனில் மோதல் என்று காட்டிவிடும்.

கேள்வி: லிஸ்ட்டில் போகும்போது அடுத்த உறுப்பை பிரீஃபெட்ச் செய்தால், அதாவது தேவைப்படும் முன்பே கேஷுக்கு வரவழைத்தால், லாபம்தானே?

பதில்: லினக்ஸின் லிஸ்ட் மேக்ரோக்களிலேயே அது பல வருடம் இருந்தது. 2011-ல் அளந்து பார்த்து எடுத்துவிட்டார்கள். ஹாஷ் லிஸ்ட்டுகள் பெரும்பாலும் ஓரிரு உறுப்போடு முடிந்துவிடும். அந்த முடிவில் இருக்கும் நல் (NULL, எதையும் சுட்டாத) முகவரியையும் பிரீஃபெட்ச் செய்யப் போய், வீணாக டிஎல்பி மிஸ் (நினைவக முகவரிகளை மாற்றித் தரும் கேஷில் அந்த முகவரி இல்லாமல் வரும் தாமதம்) வந்தது. உங்கள் இடத்தில் அளந்து லாபம் தெரிந்தால் மட்டும் போடுங்கள்.

கேள்வி: ஒரு கிளை பெரும்பாலும் நடக்கும், நடக்காது என்று கம்பைலருக்குச் சொல்லும் லைக்லி, அன்லைக்லி குறிப்புகளைப் போடலாமா?

பதில்: பிழை கையாளும் கிளைகளுக்குப் போடலாம். மற்ற இடங்களில் கம்பைலரிடம் விடுங்கள்.

கேள்வி: அண்ணா, என் டேபிளைப் படிப்பவர்கள் ஏராளம், மாற்றுவது எப்போதாவதுதான். ரீடர்-ரைட்டர் லாக் (பலர் சேர்ந்து படிக்கலாம், மாற்றுபவர் மட்டும் தனியாக) போதுமா?

பதில்: போதாது. படிக்க வருபவரும் அந்த லாக்கில் எழுதித்தான் உள்ளே போகிறார், அதனால் முதல் கேள்வியில் சொன்ன இழுபறி அப்படியே வரும். ஆர்சியு (ரீட்-காப்பி-அப்டேட்) என்ற முறையைப் பயன்படுத்துங்கள் தம்பி. 2002-ல் 2.5 பதிப்பு வரிசையில் லினக்ஸுக்குள் வந்தது. பால் மெக்கென்னியின் உழைப்பு அதில் பெரியது. படிப்பவர் பொது நினைவகத்தில் எதையும் எழுதுவதில்லை. மாற்றுபவர் புது நகல் தயார்செய்து பாயின்டரைத் திருப்புவார், பழையதைப் படித்துக்கொண்டிருப்பவர்கள் எல்லோரும் வெளியேறிய பிறகே அதை விடுவிப்பார். என்னைக் கேட்டால், கெர்னலிலேயே அழகான யோசனை இதுதான். ஆனால் படிப்பவர் கையில் சில கணம் பழைய தகவல் இருக்கலாம். ரவுட்டிங் டேபிளுக்கு அது பரவாயில்லை. உங்கள் டேபிளுக்குப் பரவாயில்லையா என்று முதலில் முடிவுசெய்துகொள்ளுங்கள்.