மகள் கேட்டது நியாயமான கேள்விதான்

கேள்வி: ஆறு வருடமாக அமெரிக்காவில் இருக்கிறோம். ஒன்பதாவது படிக்கும் என் மகள், "பள்ளிகளில் இனப் பிரிவினை 1954லேயே செல்லாது என்றாகிவிட்டதே, கறுப்பினப் பிள்ளைகள் இன்னும் ஏன் பின்தங்குகிறார்கள்?" என்று கேட்கிறாள். "படித்தால் முன்னேறலாம், நாம் வரவில்லையா?" என்கிறார் என் கணவர். நான் அவளுக்கு என்ன சொல்வது? - ஒரு வாசகி

பதில்: சகோதரி, வர்ஜீனியா மாநிலத்தில் பிரின்ஸ் எட்வர்ட் கவுன்ட்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) நடந்ததை மகளுக்குச் சொல்லுங்கள். அங்கே கறுப்பினப் பிள்ளைகளுக்கென இருந்த மோட்டன் உயர்நிலைப் பள்ளியில் 180 பேருக்குத்தான் இடம். படித்ததோ 450 பேருக்கு மேல். மிச்சப் பேருக்குத் தார்க்காகிதம் போர்த்திய கொட்டகைகள். மழை பெய்தால் கூரை ஒழுகும். 1951 ஏப்ரலில் பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயதுப் பெண், மொத்தப் பள்ளியையும் திரட்டிக்கொண்டு வகுப்பைப் புறக்கணித்தாள். உங்கள் மகளைவிட இரண்டு வயதுதான் மூத்தவள்! அந்தப் போராட்டத்திலிருந்து எழுந்த வழக்கும் சேர்ந்துதான், உங்கள் மகள் சொல்லும் 1954 தீர்ப்பாக, பிரவுன் வழக்குத் தீர்ப்பாக வந்தது.

அப்புறம் நடந்ததுதான் கொடுமை. பிள்ளைகளைச் சேர்த்து உட்காரவைக்க மனமில்லாமல், அதே கவுன்ட்டி 1959இல் பொதுப் பள்ளிகள் அத்தனையையும் இழுத்து மூடியது. வெள்ளையர் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி முளைத்தது. கறுப்பினப் பிள்ளைகள் பலர் ஐந்து வருடம் பள்ளி வாசலையே மிதிக்கவில்லை. அன்று ஏழு வயதில் வீட்டில் உட்கார்ந்த பிள்ளைக்கு இன்று எழுபது சொச்சம். அவருடைய பேத்தி உங்கள் மகளோடு படிக்கிற வயதில் இருப்பாள். இதையா பழங்கதை என்பது?

முன்னேற்றம் நிச்சயம் உண்டு. 1940இல் உயர்நிலைப் பள்ளியை முடித்திருந்த கறுப்பினப் பெரியவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேர்கூட இல்லை. இன்று தொண்ணூறை ஒட்டி வந்துவிட்டார்கள். ஆனால் பட்டப்படிப்பில் வெள்ளையரோடு இடைவெளி இன்னும் தெரிகிறது. பள்ளிக்கு வரும் பணத்தில் கணிசமான பகுதி உள்ளூர்ச் சொத்து வரி. வீட்டு விலை குறைந்த ஊரில் வசூலும் குறைவு. இது அரசியல் சட்டத்துக்கு முரணில்லை என்று 1973இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் சொல்லிவிட்டது. தண்டனையிலும் பாரபட்சம்தான்: 2017-18இல் பொதுப் பள்ளி மாணவர்களில் 15 சதவீதம் கறுப்பினத்தவர், சஸ்பெண்ட் ஆகி வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் 38 சதவீதம்.

உங்கள் கணவரின் உழைப்பை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் 1965 வரை இந்தியாவுக்கான குடியேற்ற ஒதுக்கீடு வருடத்துக்கு வெறும் 100 பேர். அந்த முறையை ஒழித்த சட்டம், கறுப்பின மக்கள் தெருவில் இறங்கி அடிபட்டு நடத்திய சிவில் உரிமைப் போராட்டத்தின் சூட்டில் பிறந்தது. அவர்கள் திறந்த கதவு வழியாகத்தான் நம்மவர்கள் போனார்கள். பெரும்பாலும் கையில் டிகிரியோடு.

இந்த வாரக் கடைசியில் மூன்று பேரும் ஒன்றாக உட்காருங்கள். ஒரு பிள்ளைக்கு எவ்வளவு செலவாகிறது என்று ஒவ்வொரு மாநிலமும் பள்ளிவாரியாக வெளியிட வேண்டும் என்பது சட்டம். உங்கள் பள்ளியையும் பக்கத்து மாவட்டப் பள்ளி ஒன்றையும் எடுத்துப் பாருங்கள். பார்த்த பிறகு, மகளுக்குப் பதிலை உங்கள் கணவரே சொல்லட்டும்.