எப்போது தொடங்குவது? திருநங்கையர், திருநம்பியர் கேள்விகளுக்குப் பதில்

பாலின மாற்றத்தை எப்போது தொடங்கலாம், வீடு, வேலை, உடம்பு, பணம் குறுக்கே நிற்கும்போது எதை முதலில் செய்யலாம் என்று பலர் கேட்டவற்றுக்கு இங்கே பதில். மருந்தளவுகள் 18 வயது கடந்தவர்களுக்கானவை. உங்களுக்கு எவ்வளவு என்பதை ரத்தப் பரிசோதனை பார்த்து ஹார்மோன் மருத்துவர்தான் முடிவு செய்வார்.

கேள்வி: அக்கா, வயசு 26, திருப்பூர்ல பனியன் கம்பெனி வேலை. தை மாசம் தங்கச்சி கல்யாணம். அது முடியட்டும்னு இருக்கேன். அதுவரைக்கும் சும்மா இருக்கணுமா?

சும்மா இருக்க வேண்டாம். யார் கண்ணிலும் படாத வேலையே நிறைய இருக்கிறது.

தாடிக்கு லேசரை இந்த மாதமே ஆரம்பியுங்கள். ஆண்களும் செய்துகொள்கிறார்கள், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். 4 முதல் 6 வாரத்துக்கு ஒரு தடவை, குறைந்தது 6, 8 தடவை ஆகும். இடையில் த்ரெட்டிங், வேக்ஸிங் கூடாது, சவரம் மட்டும். முடி வேரில் இருந்தால்தான் லேசர் அதைப் பிடித்துச் சுடும். நரைத்த முடியை அது பிடிக்காது, ஆகவே தள்ளிப்போட்டால் நஷ்டம் உங்களுக்கு. நம் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் என்டி-யாக் வகை எந்திரம் பாதுகாப்பானது. அது இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். பொருந்தாத எந்திரம் கன்னத்தில் கருந்திட்டு போட்டுவிடும்.

பின்னாளில் குழந்தை வேண்டும் என்ற எண்ணம் துளி இருந்தாலும் விந்தணுவை ஹார்மோன் மாத்திரைக்கு முன்பே சேமித்துவிடுங்கள். தொடங்கிய பிறகு எண்ணிக்கை சரியும், திரும்பி வருமா என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. கல்லீரல், சிறுநீரகம், பொட்டாசியம், சர்க்கரை, கொழுப்பு, டெஸ்டோஸ்டிரோன் பரிசோதனைகளையும் இப்போதே முடிக்கலாம்.

ஹார்மோனுக்குக் கணக்கு இதுதான்: தோல் மிருதுவாவதும் மார்பு அரும்புவதும் 3 முதல் 6 மாதத்தில். ஐப்பசியில் தொடங்கினால், தையில் காம்புக்குப் பின்னால் சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி, தொட்டால் வலிக்கும். சட்டைக்கு மேல் தெரியாது. ஆடியிலேயே தொடங்கினால் தெரிய வாய்ப்புண்டு. அப்புறம் நிறுத்தினாலும் வளர்ந்த மார்பு கரையாது.

இன்னொன்று. தங்கச்சி கல்யாணம் முடிந்ததும் உங்களுக்குப் பெண் பார்க்கக் கிளம்புவார்கள். தரகர் வீட்டுக்கு வருவதற்கு முன்பு வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள். நிச்சயம் ஆன பிறகு சொன்னால் இன்னொரு பெண்ணின் வாழ்க்கையும் மாட்டிக்கொள்ளும்.

கேள்வி: ஒரு தோழி சொல்லி மாலா-டி தினம் 4 போடுறேன். சீக்கிரம் மாறுமா?

மாறாது, நிறுத்துங்கள். மாலா-டி பெண்களுக்கான கருத்தடை மாத்திரை. 28 மாத்திரைப் பட்டையில் 7 வெறும் இரும்புச்சத்து. மீதி 21இல் ஒவ்வொன்றிலும் 0.03 மி.கி. எத்தினைல் எஸ்ட்ராடியால் என்ற செயற்கைப் பெண் ஹார்மோன். அது கல்லீரலில் எளிதில் சிதையாமல் தங்கி, ரத்தம் உறைவதைக் கூட்டும். நான்கு போட்டால் அந்த மருந்து நான்கு மடங்கு உள்ளே போகும். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். என்ன மாத்திரை, எத்தனை என்று மறைக்காமல் சொல்லுங்கள்.

மருத்துவர் தருவது வழக்கமாக எஸ்ட்ராடியால் வலரேட் என்ற பெண் ஹார்மோன், நாளுக்கு 2 முதல் 6 மி.கி. கூடவே டெஸ்டோஸ்டிரோனை அடக்க ஸ்பைரனோலாக்டோன் 100 முதல் 300 மி.கி., அல்லது சைப்ரோடெரோன் 10 மி.கி. அளவில். முதல் வருடம் 3 மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்ப்பார்கள். அளவைக் கூட்டினால் மார்பு வேகமாக வளராது. பருவ வயதுப் பெண்ணுக்கு ஆவதுபோல் 2, 3 வருடம் ஆகும்.

ஸ்பைரனோலாக்டோன் அடிக்கடி சிறுநீர் போகவைக்கும். வேலை இடத்தில் நிம்மதியாகப் போகக் கழிப்பறை இல்லாதவர்கள் தண்ணீரே குடிக்காமல் சமாளிக்கப் பார்த்து மயங்கி விழுகிறார்கள். அப்படி இருந்தால் மருத்துவரிடம் சொல்லி மருந்தை மாற்றிக் கேளுங்கள். இந்த மருந்து பொட்டாசியத்தை உடம்பில் தேக்கும், எனவே தினமும் இளநீர் வேண்டாம்.

கேள்வி: நான் திருநம்பி, 22. பெண்கள் விடுதியில் தங்கிப் படிக்கிறேன். இன்னும் ஒரு வருஷம் இருக்கு. டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடலாமா?

மாத்திரை போடும் திருநங்கைக்கு மறைக்க நாள் கிடைக்கும், உங்களுக்கு அவ்வளவு கிடைக்காது. குரல்தான் காட்டிக்கொடுக்கும். சில மாதங்களிலேயே சளி பிடித்ததுபோல் கரகரத்து, பிறகு கட்டையாகும். ஊசியை நிறுத்தினாலும் பழைய குரல் வராது. விடுதியை விட்டால் வேறு தங்குமிடம் உண்டா என்பதற்குப் பதில் தெரிந்த பிறகு தொடங்குங்கள். அறை கிடைத்தால் படிப்பு முடியக் காத்திருக்க வேண்டியதில்லை.

வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 100 முதல் 200 மி.கி., அல்லது 12 வாரத்துக்கு ஒருமுறை போடும் 1000 மி.கி. ஊசி. சஸ்டனான் என்ற டெஸ்டோஸ்டிரோன் ஊசி கடலை எண்ணெயில் கரைத்தது, வேர்க்கடலை ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லுங்கள். ரத்தம் கெட்டியாகிறதா என்று ஹெமட்டோகிரிட் பார்ப்பார்கள், 54 சதவீதத்தைத் தாண்டினால் அளவைக் குறைப்பார்கள். மாதவிடாய் நின்றாலும் கரு உண்டாகலாம். ஊசி கருத்தடை ஆகாது.

அதுவரை மார்பைத் தட்டையாக்கும் இறுக்கமான உள்ளாடையான பைண்டர் போதும். 8 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், போட்டபடி தூங்க வேண்டாம். கிரேப் பேண்டேஜ் மட்டும் சுற்றாதீர்கள், மூச்சு விடவிட இறுகி விலா எலும்பைப் பதம் பார்க்கும்.

கேள்வி: வயது 41. பீடி உண்டு, பிரஷர் உண்டு. காலம் கடந்துவிட்டதா?

இல்லை. பீடியை மட்டும் முதலில் விடுங்கள், எஸ்ட்ரோஜனும் (பெண் ஹார்மோன்) புகையும் சேர்ந்தால் ரத்தக் கட்டி அபாயம் கூடும். மாத்திரைக்குப் பதில் தோலில் ஒட்டும் பட்டையோ ஜெல்லோ உங்கள் வயதுக்குப் பாதுகாப்பானது. ஸ்பைரனோலாக்டோன் பிரஷரையும் குறைக்கும், ஏற்கெனவே போடும் மாத்திரைச் சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள்.

கேள்வி: பணம் இல்லை. ஜமாத்தில் நிர்வாணம் முதலில் செய்துகொள், மற்றது பிறகு என்கிறார்கள். சரியா?

ஜமாத் என்பது திருநங்கையர் சேர்ந்து வாழும் குழு, நிர்வாணம் என்பது ஆணுறுப்பையும் விதைகளையும் நீக்குவது. அதைச் செய்வதானால் மருத்துவமனையில் மட்டும். சென்னை ராஜீவ் காந்தி, மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனைகளில் திருநர்களுக்கான மருத்துவப் பிரிவு இருக்கிறது, மனநல மருத்துவரின் சான்றிலிருந்து அங்கேயே தொடங்கலாம். விதைகளை எடுத்தபின் ஹார்மோன் போடாமலே இருந்துவிடுவதுதான் நான் பார்க்கிற பெரிய தப்பு. உடம்பில் இரண்டு ஹார்மோனுமே இல்லாமல் போனால், 35, 40 வயதிலேயே எலும்பு பலமிழந்துவிடலாம். அடக்கும் மருந்தை நிறுத்தலாம், எஸ்ட்ரோஜனை நிறுத்தக் கூடாது.

பெண்ணுறுப்பு அமைக்கும் அறுவை என்றால் வேலைக்கு 6 முதல் 8 வாரம் விடுப்பு வேண்டும். முதல் சில மாதங்கள் தினம் மூன்று வேளை டைலேட்டர் (பாதையை விரித்து வைக்கும் கருவி) வைத்துப் படுத்திருக்க வேண்டும், விட்டால் பாதை சுருங்கிவிடும். நாலு பேர் படுக்கிற கூடத்தில் இது நடக்காது. உள்தாழ்ப்பாள் உள்ள அறை ஒன்று மூன்று மாதத்துக்கு உறுதியான பிறகு தேதி வாங்குங்கள். சேர்க்கைச் சீட்டில் எந்தப் பெயர் எழுதுகிறார்களோ அதுதான் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் வரும். ஆதாரில் பெயரை மாற்றிவிட்டுச் சேர்ந்தால் பிறகு சான்றுக்கு அலைய வேண்டியிருக்காது.