செம்பு வாலை: வாசகர் கேள்வி, பட்டறைக்காரர் பதில்

போன இதழில் ஓமத் தீநீர், அதாவது ஓமத்தைக் காய்ச்சி இறக்கிய மணத்தண்ணீர், வடிக்கும் வாலையைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். சித்த மருந்து செய்கிறவர்கள் காய்ச்சி வடிக்கிற பாத்திரம்தான் வாலை. அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களே இந்த முறை பக்கத்தை நிரப்பிவிட்டன. அண்டா, தவலை பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஐயா, சில வருடம் நியூசிலாந்தில் வேலை பார்த்தேன். அங்கே என் நண்பர் வீட்டுக் கொட்டகையில் செம்பு வாலை வைத்து ஜின் வடிப்பார். இப்போது ஏற்காட்டில் எங்கள் காபித் தோட்டத்துக்கே திரும்பிவிட்டேன். ஆரஞ்சு, ஏலக்காய், மிளகு எல்லாம் தோட்டத்திலேயே கிடைக்கிறது. 20 லிட்டர் அளவில் ஒரு வாலை அடித்துத் தருவீர்களா?
*வாசகர், ஏற்காடு*

தம்பி, ஜின்னுக்கு என்றால் அடித்துத் தர மாட்டேன். உங்கள் நண்பர் செய்தது அந்த ஊரில் குற்றமில்லை. சொந்த உபயோகத்துக்கு வீட்டில் வடிப்பதை நியூசிலாந்தில் 1996லேயே அனுமதித்துவிட்டார்கள். இங்கே அப்படியில்லை. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் சாராயம் வடிப்பது குற்றம். வடிப்பதற்கென்று பாத்திரம், கருவி வைத்திருப்பதும் குற்றம். ஒரு பாட்டில்தான், என் வாய்க்குத்தான் என்றாலும் அதேதான்.

இந்தச் சட்டத்தின் கதை தொடங்கியதே நம் சேலத்தில். ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோது, 1937 அக்டோபர் 1ஆம் தேதி முதல் முதலாக மதுவிலக்கு வந்தது சேலம் மாவட்டத்தில்தான். அவர் அதற்கு முன்பே சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர். திருச்செங்கோடு பக்கம் ஆசிரமம் வைத்துக் குடிக்கு எதிராக ஊர் ஊராக வேலை செய்தவர். அப்புறம் சட்டம் தளர்ந்தது, இறுகியது, அரசே கடை நடத்துகிறது. ஆனால் வீட்டில் வடிப்பதற்கான கதவு மட்டும் திறக்கவே இல்லை.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்தார்கள். அதில் பலரைச் சேலம் அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் சட்டசபையில் சட்டத்தைத் திருத்தி, கள்ளச் சாராயத்தால் சாவு நேர்ந்தால் ஆயுள் தண்டனை வரை போகும்படி செய்தார்கள். உங்கள் நண்பரின் கொட்டகையும் அந்த விஷச் சாராயமும் ஒன்றல்ல என்று எனக்கும் தெரியும். ஆனால் என் கையால் அடித்த பாத்திரம் எதற்குப் போகிறது என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

சரி, இனி உங்களுக்கு நான் செய்து தரக்கூடியதைச் சொல்கிறேன். ஜின் என்பது என்ன? ஏற்கெனவே தயாரான வாசனையற்ற சாராயத்தில் ஜூனிபர் காய், கொத்தமல்லி விதை, ஆரஞ்சு அல்லது எலுமிச்சைத் தோல், சில வேர்கள் போட்டு மறுபடி வாலையில் ஏற்றி இறக்குவது. ஜூனிபர் இல்லாவிட்டால் அது ஜின் இல்லை. அந்தக் காய் நம் நாட்டில் இமயமலைப் பக்கம் விளைகிறது, சேர்வராயன் மலையில் இல்லை. கோவாவில் உரிமம் வாங்கிய கம்பெனிகள் ஜின் வடிக்கின்றன. அந்தத் தொழிலில்தான் ஆசை என்றால் நேர்வழி அங்கே இருக்கிறது.

ஜின்னின் அழகெல்லாம் அந்த விதையிலும் தோலிலும் இருக்கும் வாசனை எண்ணெயில்தான். அதே வாலையில் சாராயத்துக்குப் பதில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கொத்தமல்லித் தீநீர், ஏலக்காய்த் தீநீர், ஆரஞ்சுத் தோல் எண்ணெய் எல்லாம் வரும். அதற்கு என்றால் நாளைக்கே தகடு வெட்டுகிறேன்.

எவர்சில்வர் இருக்கும்போது செம்பு எதற்கு? பழக்கம்தானே?
*வாசகர், ஆத்தூர்*

வெறும் பழக்கமில்லை. எவர்சில்வரைவிடச் செம்பு ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். அடுப்பின் சூடு அடித்தட்டு முழுக்க ஒரே சீராகப் பரவுவதால் விதையும் இலையும் ஓரிடத்தில் அடிப்பிடித்துத் தீய்ந்த வாடை வராது. குளிர்விக்கிற சுருள் குழாய்க்கும் இதே குணம்தான் வேண்டும்: ஆவியின் சூட்டைச் சட்டென்று வெளியே தள்ள வேண்டும்.

இரண்டாவது, கந்தகம். நொதித்த சரக்கிலும் சில தழைகளிலும் கந்தக வாடை இருக்கும். அந்த ஆவி செம்பில் பட்டால் கந்தகத்தைச் செம்பு பிடித்துக்கொள்ளும். பாத்திரத்தின் கழுத்துக்குள் கறுப்பாகப் படிவது அதுதான். லண்டனிலும் ஸ்காட்லாந்திலும் பெரிய பெரிய சாராய ஆலைகள் இன்றைக்கும் செம்பை விடாததற்கு இது முக்கியக் காரணம்.

ஆனால் எல்லாவற்றுக்கும் வெறும் செம்பு சரிப்படாது. ஓமத்தில் தைமால், கிராம்பில் யூஜெனால் என்று வாசனை தரும் பொருள்கள் இருக்கின்றன. இவை உலோகத்தோடு உறவாடி எண்ணெயின் நிறத்தைக் கெடுத்துவிடும். எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்பும் செம்பைக் கரைக்கும். அதனால்தான் மருந்து வாலைக்கு உள்ளே வெள்ளீயம் பூசுகிறோம். சுருளுக்கு மட்டும் எவர்சில்வர் போடுகிறவர்களும் உண்டு, அதில் தப்பில்லை.

பழைய செம்பு அண்டாவையே வாலையாக மாற்ற நினைக்கிறேன். ரேடியோ ரிப்பேர் செய்யும் என் மச்சான் இணைப்புகளைச் சால்டரிங் செய்து தருகிறேன் என்கிறார். செய்யலாமா?
*வாசகி, அம்மாபேட்டை*

வேண்டாம் அம்மா! உங்கள் மச்சானைக் குறை சொல்லவில்லை. அவர் கையில் இருக்கும் கம்பி பெரும்பாலும் வெள்ளீயமும் காரீயமும் கலந்தது. காரீயம் விஷம். நீங்கள் குடிக்கிற தீநீரிலும் பிள்ளைக்குக் கொடுக்கிற ஓமத் தண்ணீரிலும் அது கலந்துவரும். கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது.

ரசம் வைக்கிற ஈயச் சொம்பு வேறு, அது சுத்த வெள்ளீயம். பாத்திரத்துக்குள் பூசுவதும் அதே வெள்ளீயம்தான். பூசும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். பாத்திரத்தை உலையில் சூடாக்கி, நவச்சாரத்தைத் தூவி, வெள்ளீயக் கட்டியைத் தேய்த்து, பஞ்சால் ஒரே இழுப்பாக இழுப்பார்கள். குப்பென்று வெள்ளைப் புகை கிளம்பும், செம்பு நிறம் போய் நிலா மாதிரி வெளுக்கும். கட்டி எங்கே வாங்கியது, சுத்தமானதா என்று வாய்விட்டுக் கேளுங்கள். பழைய பேட்டரி, பழைய குழாய் உருக்கிய ஈயம் என்றால் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

இணைப்புக்கு நான் செய்வது இதுதான். செம்போடு செம்பு சேருமிடத்தில், ஏசி மெக்கானிக் பயன்படுத்துகிற செம்பு-பாஸ்பரஸ் கம்பி. பற்றவைக்கும்போது தூவுகிற வெங்காரப் பொடிகூட அதற்குத் தேவையில்லை. செம்போடு பித்தளை சேரும் இடத்தில், வால்வு, மூடித் திருகு போன்றவற்றில், வெங்காரம் வைத்து வெள்ளி கலந்த பற்றாசு, அதாவது உருக்கி ஒட்டவைக்கிற உலோகக் கலவை.

சேலத்தில் வெள்ளிப் பற்றாசுக்குப் பஞ்சமே கிடையாது. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் போனால் கொலுசு பற்றவைக்கிறவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். கைவேலையில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. அங்கேயும் ஒன்று கேட்க வேண்டும்: காட்மியம் கலக்காத பற்றாசுதானா? காட்மியம் சேர்த்தால் சீக்கிரம் உருகும், வேலை சுலபம். நகைக்கு என்ன செய்கிறார்களோ அது வேறு பேச்சு, வாய்க்குப் போகும் பொருள் தொடுகிற பாத்திரத்தில் காட்மியம் கூடவே கூடாது. பற்றவைக்கும்போது எழும் அதன் புகை வேலை செய்கிறவருக்கும் ஆபத்து.

இன்னொன்று. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். ஈயம் பூசிய வாலையைத் தண்ணீர் வற்றும்வரை அடுப்பில் விட்டால் பூச்சு உருகித் திரண்டு அடியில் முத்து முத்தாக நிற்கும். அப்படி ஆகிவிட்டால் மறுபடி பூசாமல் அதைத் தொடாதீர்கள்.

நானே தகடு வாங்கி அடித்துப் பார்க்க ஆசை. எங்கே ஆரம்பிப்பது?
*வாசகர், ஓமலூர்*

ஆசைப்படுகிறவரைத் தடுக்க மனம் வரவில்லை. வீட்டளவு வாலைக்கு ஒரு மில்லிமீட்டர் கனத்தில் தகடு போதும், அடித்தட்டுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் கனம். அதைவிட மெலிந்தால் அடியில் நெளியும்.

செம்பு அடிக்க அடிக்க இறுகும். இதைக் காதால் கண்டுபிடிக்க வேண்டும். இளக்கமாக இருக்கும்போது கொட்டாப்புளி (மரச் சுத்தியல்) சத்தம் மந்தமாக, 'தொப் தொப்' என்று விழும். இறுக ஆரம்பித்ததும் 'கணீர்' என்று மேலே எழும்பும். அந்தக் கணீரைக் கேட்டதும் கையை நிறுத்துங்கள். இன்னும் நாலு அடி என்று போட்டால் விளிம்பில் மயிரிழை மாதிரி விரிசல் விடும், அதை அப்புறம் எந்தப் பற்றாசும் சரியாக மூடாது. தகட்டை மங்கலான சிவப்பு வரும்வரை காய்ச்சித் தண்ணீரில் முக்குங்கள். இரும்பைப் போல முக்கினால் இறுகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம், செம்பு இளகத்தான் செய்யும். கறுப்புச் செதிலும் அப்போதே உதிர்ந்துவிடும். ஒரு தலைப்பாகம், அதாவது மேலே கவிழ்க்கிற குடுவை, உருவாவதற்குள் இப்படிப் பலமுறை காய்ச்ச வேண்டியிருக்கும்.

சுருளுக்கு அரை அங்குல மென்செம்புக் குழாய் ஏசி சாமான் கடையில் கிடைக்கும். காய்ந்த மெல்லிய மணலை நிரப்பி இரண்டு முனையையும் அடைத்துவிட்டு வளைத்தால் நசுங்காது. சுருள் முழுக்கக் கீழ்நோக்கியே இறங்க வேண்டும். ஓரிடத்தில் தொய்ந்து பள்ளமானாலும் அங்கே தண்ணீர் தேங்கி, ஆவி திக்கித் திக்கி வரும். குளிர்ந்த தண்ணீரைத் தொட்டியின் அடியில் விட்டு மேலே வெளியேற்றுங்கள்.

வாலையை எங்கேயும் இறுக்கி மூடிவிடக் கூடாது. வடிகிற வாய் எப்போதும் திறந்தே இருக்கட்டும். தழையை அமுக்கித் திணித்தால் கழுத்து அடைத்துக்கொண்டு பாத்திரமே வெடிக்கும். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம். தலைக்கும் பானைக்கும் இடையே அந்தக் காலத்தில் துணியில் களிமண் தடவிச் சீலைமண் கட்டுவார்கள். நான் கோதுமை மாவைப் பிசைந்து அப்புகிறேன். உள்ளே அழுத்தம் ஏறினால் மாவு பிய்த்துக்கொண்டு ஆவி வெளியேறும், பாத்திரம் பிழைக்கும்.

முதல் தடவை வெறும் தண்ணீரில் கொஞ்சம் வினிகர் ஊற்றிக் காய்ச்சி, வடிந்ததை எல்லாம் கொட்டிவிடுங்கள். அடுத்த தடவை வெறும் தண்ணீர், அதையும் கொட்டுங்கள். அதற்குப் பிறகுதான் ஓமம்.

என் தோட்டத்தில் வாலை கொதிக்கும்போது தெர்மாமீட்டர் 95 டிகிரிக்கு மேல் ஏற மறுக்கிறது. கருவி கெட்டுவிட்டதா?
*வாசகர், நாகலூர், ஏற்காடு*

கருவி நன்றாக இருக்கிறது. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1500 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். கீழே சேலத்தில் 99 காட்டும். பருப்பு வேக உங்கள் வீட்டில் ஏன் நேரமாகிறது என்பதற்கும் இதுதான் காரணம். வாசனைக்கு இது நல்லதுதான், மெல்லிய மணம் கொஞ்சம் குறைந்த சூட்டில் வந்துவிடும்.

வெட்டிவேர் போட்டு வடித்தேன். தண்ணீர் மணக்கிறது, எண்ணெயைக் காணோம்.
*வாசகி, மேச்சேரி*

எவ்வளவு நேரம் வடித்தீர்கள் என்று எழுதவில்லையே அம்மா. வெட்டிவேர் எண்ணெய் கனமானது, லேசில் ஆவியாகாது. ஒரு மணி நேரத்தில் அடுப்பை அணைத்திருந்தால் மணத்தண்ணீர்தான் மிஞ்சும். வேரைப் பொடியாக நறுக்கி, ராத்திரி முழுக்க ஊறவைத்து, பகல் முழுக்கச் சிறு தீயில் விடுங்கள்.

எண்ணெய் மேலேதான் மிதக்கும் என்றும் நினைக்க வேண்டாம். ஆரஞ்சு, யூகலிப்டஸ், ஓமம் எல்லாம் மிதக்கும். கிராம்பு எண்ணெய் தண்ணீருக்கு அடியில் போய்விடும். வெட்டிவேர் எண்ணெயின் கனம் தண்ணீரோடு ஒட்டியே இருப்பதால் நடுவில் கலங்கி நிற்கும். கண்ணாடிப் பாட்டிலில் மூடி ஒரு நாள் அசையாமல் வையுங்கள்.

பச்சையாகக் களிம்பு பிடித்துவிட்டது. தேய்த்துவிட்டுப் பயன்படுத்தலாமா?
*வாசகர், செவ்வாய்ப்பேட்டை*

வெளியே மட்டும் என்றால் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவினால் போதும். உள்ளே பிடித்திருந்தால், தேய்த்த பிறகு விரலால் தடவிப் பாருங்கள். குழி குழியாகத் தட்டுப்பட்டால் ஈயப்பூச்சு போய்விட்டது என்று அர்த்தம், மறுபடி பூசக் கொடுங்கள். சுருளுக்குள் கை போகாது. சிட்ரிக் அமிலம் கரைத்த வெந்நீரை ஊற்றிச் சிறிது நேரம் வைத்து, நீல நிறம் வருவது நிற்கும் வரை நல்ல தண்ணீர் விட்டு அலசுங்கள். வேலை முடிந்த அன்றைக்கே தலையைக் கழற்றி, துடைத்து, வெயிலில் கவிழ்த்து வைத்தால் இந்தத் தொல்லையே வராது.