எலும்பு அடர்த்திக்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் என்ன சம்பந்தம்?

எலும்புக்குள் கால்சியம் போன்ற தாதுக்கள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதுதான் எலும்பு அடர்த்தி. டெக்ஸா ஸ்கேன் என்ற எக்ஸ்ரே பரிசோதனையில் தெரியும், அதில் இளம் வயதினரின் எலும்போடு ஒப்பிட்டுத் தரும் டி-ஸ்கோர் என்ற எண் -2.5 அல்லது அதற்குக் கீழே என்றால் எலும்புப்புரை, அதாவது எலும்பு மெலிந்து எளிதில் உடையும் நிலை.

மாதவிடாய் நின்ற பெண்களில் எலும்பு அடர்த்தி அதிகமுள்ளவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காரணம் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன். எலும்பு கரையாமல் காப்பதும் அதுதான், மார்பக செல்களைப் பெருகத் தூண்டுவதும் அதுதான்.

பாளையங்கால்வாயில் தண்ணீர் வந்தால் நெல்லும் வளரும், ஊடே கோரையும் வளரும். மடையை அடைத்த பிறகும் பயிரின் வாளிப்பைப் பார்த்தே எவ்வளவு தண்ணீர் பாய்ந்தது என்று வயல்காரர் சொல்லிவிடுவார். எலும்பும் அப்படித்தான், பல வருஷம் உடம்பில் ஓடிய ஈஸ்ட்ரோஜனின் தடம். ரத்தப் பரிசோதனையில் தெரிவது அன்றைய அளவு மட்டுமே.

அப்புறம், லெட்ரோசோல் போன்ற மார்பகப் புற்றுநோய் மருந்துகள் ஈஸ்ட்ரோஜனைக் குறைப்பதால் எலும்பு மெலியும். அதனால்தான் அந்த மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் இந்த ஸ்கேனை எழுதிக்கொடுக்கிறார்கள்.

இதை அரைகுறையாகக் கேட்டு எங்கள் ஆச்சி கால்சியம் மாத்திரை அட்டையைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டாள். கெட்டியான எலும்பு புற்றுநோயை உண்டாக்குவதில்லை, டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தாதீர்கள். எலும்பு மெலிந்தவர்களும் மார்பில் கட்டி தட்டுப்பட்டால் உடனே காட்டிவிடுங்கள்.