சார்ட்டட் இருக்கும்போது நாமே ஏன் எழுத வேண்டும்?

நேர்காணலில் ஒரு பட்டியலை வரிசைப்படுத்தச் சொன்னார்கள், நீங்கள் பைத்தானில் தயாராக இருக்கும் சார்ட்டட் என்ற ஃபங்ஷனை அழைத்து ஒரே வரியில் முடித்தீர்கள், எதிரில் இருந்தவர் "அது இல்லாமல் எழுதுங்கள்" என்றதும் கை நின்றுவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். இனி மொழியோடு தயாராக வரும் ஃபங்ஷன்களின் தொகுப்பான லைப்ரரியைத் தொடாமல் எல்லாவற்றையும் சொந்தமாக எழுதிப் பழகவா என்று கேட்கிறீர்கள்.

வேண்டாம். லைப்ரரியை இன்னும் நன்றாகப் பழகுங்கள். வேலையில் சேர்ந்தபின் வரிசைப்படுத்தும் ஃபங்ஷன் ஒன்றை நீங்களே எழுதிக் கொடுத்தால், அதைச் சரிபார்ப்பவர் முதலில் கேட்பது "இருப்பதை ஏன் திரும்ப எழுதினீர்கள்?" என்றுதான். வரிசையான பட்டியலைப் பாதிபாதியாகக் குறைத்துத் தேடுவது பைனரி சர்ச். ஜாவா லைப்ரரியில் இருந்த பைனரி சர்ச்சிலேயே பல ஆண்டுகளாக ஒரு பிழை கிடந்தது. நடு இடத்தைக் கண்டுபிடிக்க இரண்டு எண்களைக் கூட்டி இரண்டால் வகுக்கும் வரிதான். எண்கள் மிகப் பெரிதானால் கூட்டல் எல்லை தாண்டி எதிர்மறையாகிவிடும். அதை எழுதிய ஜோஷுவா பிளாக்கே 2006-இல் வெளிப்படையாக விளக்கினார். லைப்ரரியில் இருந்ததால் ஓரிடத்தில் திருத்தியது எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. நாம் அவசரத்தில் எழுதிய பைனரி சர்ச்சில் அதே பிழை இருந்தால் யார் தேடித் தருவார்கள்?

சரி, அப்படியானால் நேர்காணல் செய்தவர் ஏன் அப்படிக் கேட்டார்? அந்த ஒரு வரிக்குள் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா என்று பார்க்கத்தான். இங்கேதான் நீங்கள் உழைக்க வேண்டும்.

ஒரு லிஸ்ட்டை வரிசையாகக் காத்திருக்கும் வேலைகளாக நினைத்து, முதல் உறுப்பை பாப் செய்து எடுத்துக்கொண்டே போகிறீர்கள் என்று வையுங்கள். பத்து உறுப்புகளில் எந்தக் குறையும் தெரியாது. லட்சம் உறுப்புகள் வந்தால், முதலாவதை எடுக்கும் ஒவ்வொரு முறையும் மீதி அத்தனையும் ஓரிடம் முன்னே நகர வேண்டும். எழுதியது ஒரு வரி. உள்ளே ஒரு லூப் மறைந்திருக்கிறது. கலெக்ஷன்ஸ் மாட்யூலில் உள்ள டெக் இந்த வேலைக்கென்றே இருக்கிறது, இரண்டு முனையிலும் உடனே எடுக்கலாம். ஒரு மதிப்பு இருக்கிறதா என்று பார்க்கும் 'இன்' என்ற சொல்லும் அப்படியே: லிஸ்ட்டில் என்றால் ஒவ்வொன்றாகத் தேடும், செட்டில் என்றால் பெரும்பாலும் ஒரே தாவலில் சொல்லிவிடும். சார்ட்டட்டுக்குள் இருப்பது டிம் பீட்டர்ஸ் 2002-இல் எழுதிய டிம்சார்ட் என்ற வரிசைப்படுத்தும் முறை. தரவில் ஏற்கெனவே வரிசையாக இருக்கும் துண்டுகளைக் கண்டுபிடித்து இணைக்கும். சமமானவற்றின் பழைய வரிசையைக் கலைக்காது. அந்த நேர்காணலில் இவ்வளவைச் சொல்லியிருந்தாலே பேச்சு வேறு பக்கம் போயிருக்கும்.

பயிற்சியை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். லைப்ரரியில் உள்ள ஒன்றை ஒரே ஒரு முறை கையால் எழுதுங்கள், அப்புறம் லைப்ரரியோடு ஒப்பிடுங்கள். ஒரு பத்தியில் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்பதை முதலில் டிக்ஷனரியும் லூப்பும் கொண்டு எண்ணுங்கள். பிறகு எண்ணுவதற்கென்றே கலெக்ஷன்ஸ் மாட்யூலில் உள்ள கவுன்ட்டரில் எழுதுங்கள். மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து வைக்கும் சி.எஸ்.வி. கோப்பைக் காற்புள்ளியில் வெட்டிப் படித்துப் பாருங்கள். மேற்கோள் குறிக்குள் காற்புள்ளி வரும் முதல் வரியிலேயே அது உடையும். அந்த உடைசலைப் பார்த்தவருக்குத்தான் சி.எஸ்.வி. மாட்யூலின் அருமை தெரியும்.

சில இடங்களில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். எண்ணை முழு எண்ணாக்கும் ரவுண்ட் ஃபங்ஷன் 2.5-ஐ 2 ஆக்கும், 3.5-ஐ 4 ஆக்கும். சரிபாதியில் நின்றால் இரட்டை எண் பக்கம் போவது அதன் விதி. 0.1-உம் 0.2-உம் கூட்டினால் சரியாக 0.3 வராது, எனவே பணக் கணக்குக்கு டெசிமல் மாட்யூல். கடவுச்சொல் உருவாக்க ரேண்டம் மாட்யூல் கூடாது, சீக்ரெட்ஸ் மாட்யூல் வேண்டும். வேரியபிளுக்கு லிஸ்ட் என்று பெயர் வைத்தால் உள்ளிருக்கும் லிஸ்ட்டையே மறைத்துவிடுவீர்கள். தொடக்கத்தில் மாணவர்கள் மணிக்கணக்கில் தவிப்பது பெரும்பாலும் இந்த மாதிரிச் சின்ன விஷயத்தில்தான்.

நாளை மொழி மாறினாலும் இந்தப் பழக்கம் கைகொடுக்கும். சி பிளஸ் பிளஸ்ஸில் சார்ட் சமமானவற்றின் வரிசையைக் காப்பதாக உறுதி தராது, அதற்கு ஸ்டேபிள் சார்ட் என்று தனியாக ஒன்று உண்டு. பைத்தானில் 'உள்ளே என்ன நடக்கிறது' என்று கேட்டுப் பழகியவர் அங்கேயும் தானாகவே கேட்பார்.

அடுத்த நேர்காணலில் இதே கேள்வி வந்தால் பதறாதீர்கள். "வேலையில் சார்ட்டட்தான் பயன்படுத்துவேன். உள்ளே எப்படி நடக்கும் என்பதற்கு மெர்ஜ் சார்ட் எழுதிக் காட்டட்டுமா?" என்று கேளுங்கள். பட்டியலைப் பாதிபாதியாகப் பிரித்து, வரிசைப்படுத்தி, மீண்டும் இணைப்பதுதான் மெர்ஜ் சார்ட். அதற்கு முன் அதை எதையும் பார்க்காமல் மூன்று முறை எழுதிவிட்டுப் போங்கள்.