கோல்கீப்பரிலிருந்து ஆட்டத்தைத் தொடங்குவது: பயிற்சியாளர்களின் கேள்விகள்

சிறுவர் கால்பந்து அணிகளுக்குப் பயிற்சி தருகிறவர்கள் இப்போது அதிகம் கேட்பது இதைப் பற்றித்தான். கோல்கீப்பர் பந்தைத் தூக்கி அடிக்காமல், டிஃபென்ஸ் வழியாகப் பாஸ் பாஸாக முன்னே கொண்டுபோவது எப்படி? எதிரணியை நம் பக்கம் இழுத்துவிட்டு, அவர்கள் விட்டுவந்த இடத்தில் நிற்கும் நம் ஆளைக் கண்டுபிடிப்பதுதான் இதன் நோக்கம். சின்னப் பாஸ் அதற்கு ஒரு வழி, அவ்வளவுதான். இதை மனதில் வைத்துக்கொண்டு பதில்களைப் படியுங்கள்.

13 வயதுக்கு உட்பட்ட அணிக்குப் பயிற்சி தருகிறேன். கோல் கிக்கில் யாரை எங்கே நிறுத்துவது என்றே பிடிபடவில்லை. (வியாசர்பாடி, சென்னை)

எதிரணி கடைசியாகத் தொட்டு நம் கோல் கோட்டுக்கு வெளியே போன பந்தை, நம் கோல் முன்னாலிருந்து உதைத்து ஆட்டத்தைத் தொடங்குவதுதான் கோல் கிக். முதலில் விதியைப் பார்த்துவிடுவோம். 2019 ஜூனுக்கு முன்னால், கோல் கிக் பெனால்டி பாக்ஸை (கோல் முன்னால் உள்ள பெரிய கட்டத்தை) தாண்டினால்தான் பந்து ஆட்டத்தில் இருப்பதாகக் கணக்கு. பாஸ் வாங்குகிறவன் பாக்ஸுக்கு வெளியே நிற்பான். எதிரணி ஃபார்வர்டும் அவன் பக்கத்திலேயே நிற்பான். இப்போது பந்து உதைபட்டுத் தெளிவாக நகர்ந்தாலே போதும். நம் ஆட்கள் பாக்ஸுக்குள் நின்றே வாங்கலாம். எதிரணியினர்தான் பந்து நகரும்வரை வெளியே காத்திருக்க வேண்டும். பெரிய மைதானத்தில் பாக்ஸின் ஆழம் 16.5 மீட்டர். அதை அவர்கள் ஓடிக் கடப்பதற்குள் கிடைக்கும் ஓரிரு விநாடியைப் பயன்படுத்தத்தான் நாம் பழக்குகிறோம்.

இரண்டு ஸ்டாப்பர்களையும் (நடு டிஃபென்ஸ் ஆட்களையும்) பாக்ஸுக்குள்ளே, கோலை ஒட்டிய சின்னப் பெட்டியின் இரு பக்கமும் விரிந்து நிற்கச் சொல்லுங்கள். கீப்பரைப் பார்த்து நேராக நிற்கக் கூடாது. பாதி உடம்பு மைதானத்தைப் பார்த்திருக்க வேண்டும். சைடு பேக்குகள் (ஓர டிஃபென்ஸ் ஆட்கள்) இருவரும் டச் லைனை, அதாவது மைதானத்தின் பக்கக் கோட்டை ஒட்டி, பாக்ஸ் கோட்டுக்குச் சற்று மேலே. ஒரு மிட்ஃபீல்டர் நடுவில், ஆனால் அசையாமல் அல்ல. அவன் பந்தை நோக்கி வரும்போதெல்லாம் எதிரணி ஆள் ஒருவனையும் கூடவே இழுத்து வருகிறான் என்பதை அவனுக்குப் புரியவையுங்கள். வராமல் இருப்பதே சில நேரம் பெரிய உதவி.

நிற்கும் இடத்தைவிட முக்கியமானது எண்ணுவது. உதைக்கும் முன் கீப்பர் தலையைத் தூக்கி, மேலே ஏறி நிற்கும் எதிரணியினரை எண்ண வேண்டும். இரண்டு பேர் என்றால், நம் ஸ்டாப்பர் இருவரும் கீப்பரும் சேர்ந்து மூவர். தைரியமாக ஆடலாம். மூன்று பேர் என்றால் சைடு பேக்கோ மிட்ஃபீல்டரோ எங்கோ தனியாக நிற்கிறான், தேடச் சொல்லுங்கள். ஐந்தாறு பேர் ஏறி வந்துவிட்டால் அவர்கள் முதுகுக்குப் பின்னால் பாதி மைதானம் காலி. அப்போது நீளமாக அடிப்பதுதான் சரியான பதில். கோல் கிக்கிலிருந்து நேராகப் பந்தை வாங்கினால் ஆஃப்சைடு (எதிரணி டிஃபென்ஸைத் தாண்டி நின்று பந்தை வாங்கும் தவறு) கிடையாது என்பது பல பிள்ளைகளுக்குத் தெரியாது, சொல்லிக் கொடுங்கள். 2018 ஆகஸ்டில் ஹடர்ஸ்ஃபீல்டுக்கு எதிராக, மான்செஸ்டர் சிட்டி கீப்பர் எடர்சன் அடித்த நீளமான உதையை வாங்கி அதே அணியின் அகுவேரோ கோல் போட்டார். பாஸ் ஆட்டத்துக்குப் பெயர்போன பயிற்சியாளர் கார்டியோலாவின் அணி அது! எடர்சன் இருந்த காலத்தில் சிட்டியை நெருக்க ஏறி வந்தவர்கள் பயந்ததே அந்த உதைக்குத்தான்.

பயிற்சிக்குப் பாதி மைதானம் போதும். கீப்பரோடு ஆறு பேர் ஒரு பக்கம், நெருக்க மூன்று பேர் மறுபக்கம். நடுக்கோட்டில் கோன் வைத்து இரண்டு சின்ன வாசல்கள். பாஸாகவோ பந்தைக் காலில் உருட்டிக்கொண்டு ஓடியோ வாசலைத் தாண்டினால் ஒரு புள்ளி. நெருக்குகிறவர்கள் பந்தைப் பறித்தால் பெரிய கோலில் அடிக்கலாம். பிள்ளைகள் தேறத் தேற நெருக்குகிறவர்களை நான்கு, ஐந்து என்று ஏற்றுங்கள். முதல் நாளே சம எண்ணிக்கையில் விட்டால் யாருக்கும் நம்பிக்கை வராது.

ஒரு சின்ன எச்சரிக்கை. கோல் கிக் எடுத்தவன் வேறு யாரும் தொடும் முன் பந்தை மறுபடி தொட்டால் எதிரணிக்கு இன்டைரக்ட் ஃப்ரீ கிக் (நேராகக் கோல் போட முடியாத ஃப்ரீ கிக்). ஸ்டாப்பர் நெருங்கி வருகிறான் என்று கீப்பர் பந்தை லேசாகத் தட்டிவிட்டு, அவன் தாமதித்ததும் தானே போய் எடுப்பது சிறுவர் ஆட்டங்களில் அடிக்கடி நடக்கிறது.

எங்கள் பள்ளி மைதானம் மேடும் பள்ளமும், சரளையும். பந்து துள்ளிக்கொண்டே போகிறது. இந்த மண்ணில் இதெல்லாம் நடக்குமா? (பி.டி. ஆசிரியர், தூத்துக்குடி)

நடக்கும், ஆனால் டி.வி.யில் பார்க்கிற வேகத்தில் நடக்காது. துள்ளும் தரையில் முதல் டச்சுக்கு நேரம் அதிகம் தேவை. அதனால் பிள்ளைகள் இன்னும் விரிந்து நிற்க வேண்டும். பாஸ் கொஞ்சம் அழுத்தமாகத் தரையோடு போக வேண்டும்; மெதுவாக உருட்டினால் ஒவ்வொரு கல்லும் பந்தைத் திருப்பும். ஆட்டத்துக்கு முன் பிள்ளைகளோடு மைதானத்தை ஒரு சுற்று நடந்து பாருங்கள். எந்தப் பக்கம் தரை பரவாயில்லை என்று அவர்களே சொல்லட்டும். அன்றைக்கு அந்தப் பக்கமாகவே ஆட்டத்தைத் தொடங்கலாம். கோல் முன்னால் மழைத்தண்ணீர் நின்றால் யோசிக்கவே வேண்டாம், தூக்கி அடிக்கச் சொல்லுங்கள்.

பள்ளியில் சிமென்ட் போட்ட பாஸ்கெட்பால் கோர்ட் இருந்தால் அதுதான் உங்கள் சிறந்த பயிற்சி மைதானம். துள்ளல் குறைந்த ஃபுட்சால் (கெட்டித் தரையில் சின்ன மைதானத்தில் ஆடும் கால்பந்து) பந்து ஒன்று வாங்கி, வாரத்தில் ஒருநாள் அங்கே ஆட விடுங்கள். விழுந்தால் சிராய்க்கும் என்பதால் ஸ்லைடிங் மட்டும் வேண்டாம்.

எங்கள் 15 வயதுப் பிரிவு உதைபந்தாட்ட அணியில் இப்படி விளையாடிப் பார்த்தோம். எதிரணி நாலு பேரை மேலே ஏற்றி நெருக்கியது. எங்கள் பெனால்டி எல்லைக்குள்ளேயே பந்தை இழந்து மூன்று கோல் வாங்கினோம். பெற்றோர் "அடிச்சு விடு" என்று கத்துகிறார்கள். பிள்ளைகளும் பயந்துவிட்டார்கள். தொடரவா, விடவா? (மன்னார்)

தொடருங்கள். ஆனால் அந்த மூன்று கோலும் எப்படி வந்தன என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். சொந்தக் கோலைப் பார்த்து நிற்பவனுக்கு, அவன் முதுகில் எதிரி ஒட்டியிருக்கும்போது பாஸ் கொடுத்து, அவன் திரும்பப் பார்த்து இழந்திருப்பான். அல்லது ஒரு ஸ்டாப்பர் இன்னொரு ஸ்டாப்பருக்குக் கோலுக்குக் குறுக்கே மெதுவாகப் பாஸ் போட்டிருப்பான். அல்லது பாஸ் கொடுத்தவன் கொடுத்த இடத்திலேயே நின்று வேடிக்கை பார்த்திருப்பான்.

முதலாவதற்கு மருந்து மூன்றாம் ஆள். ஸ்டாப்பருக்கும் சைடு பேக்குக்கும் நடுவில் எதிரி நின்று வழியை அடைக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டாப்பர் நடுவில் இருக்கும் மிட்ஃபீல்டருக்குக் கொடுக்கிறான். மிட்ஃபீல்டர் திரும்பவே வேண்டாம். வந்த பந்தை ஒரே டச்சில் சைடு பேக்குக்குத் தள்ளிவிடுகிறான். சைடு பேக் முன்னே பார்த்து நிற்கிறான், ஓடலாம். இந்த வயதில் இந்த ஒரு அசைவை மட்டும் நன்றாகப் பழக்கினாலே நெருக்குதலில் பாதி உடையும்.

இன்னொன்றும் செய்து பாருங்கள். சில நாள் உங்கள் டிஃபென்ஸ் பிள்ளைகளையே நெருக்கும் பக்கம் ஆட விடுங்கள். பின்னால் பாஸ் போகும்போது, முதல் டச் தவறும்போது, பந்து மேலே எழும்பும்போது தாங்களே பாய்ந்து ஓடுவதை உணர்வார்கள். எதிரி எப்போது வருவான் என்று அதன்பிறகு நீங்கள் சொல்ல வேண்டியதில்லை.

பெற்றோரிடம் சீசன் தொடங்கும் முன்பே பேசுங்கள். "இப்படி ஆடினால் சில கோல் வாங்குவோம், தெரிந்துதான் செய்கிறோம். பந்து பிள்ளையின் காலில் இருக்கும்போது மட்டும் யாரும் குரல் கொடுக்காதீர்கள்" என்று நேராகக் கேளுங்கள். பிறகு உங்களையும் கவனியுங்கள். தவறு நடந்ததும் நீங்கள் கையை விரித்தால், அடுத்த முறை அந்தப் பிள்ளை எதிரியைப் பார்க்காது, உங்களைத்தான் பார்க்கும். தவறு செய்த ஸ்டாப்பரை அந்த நிமிடமே வெளியே எடுப்பது நான் பார்த்தவற்றிலேயே மிக மோசமான பழக்கம். அதே நேரம், ஆள் தெரியவில்லை என்றால் வெளியே அடிக்க எல்லாருக்கும் அனுமதி இருக்கட்டும். அப்படி அடித்தவனையும் திட்டாதீர்கள்.

பின்னால் பாஸ் கொடுத்தால் எங்கள் கீப்பர் பதறுகிறான். ஒருமுறை கையாலேயே எடுத்துவிட்டான். (திண்டுக்கல்)

தன் அணி ஆள் வேண்டுமென்றே காலால் கொடுத்த பந்தைக் கீப்பர் கையில் எடுக்கக் கூடாது என்பது 1992 முதல் உள்ள விதி. எடுத்தால் அதே இடத்தருகே இன்டைரக்ட் ஃப்ரீ கிக். பதற்றம் போக வேண்டுமென்றால், பாஸ் பயிற்சியில் கீப்பரைத் தனியாக ஓரத்தில் நிறுத்தி கேட்சிங் மட்டும் கொடுக்காமல், ரோண்டோவில் (சுற்றி நிற்பவர்கள் பாஸ் போட, நடுவில் இருப்பவர்கள் பறிக்கும் பயிற்சியில்) நடுவிலும் ஓரத்திலும் மற்றவர்களோடு சேர்த்து ஆட விடுங்கள். டிஃபென்ஸ் பிள்ளைகளுக்கு ஒன்று: பின்பாஸ் எப்போதும் கம்பங்களுக்கு வெளியே போகும் கோணத்தில் இருக்கட்டும். கீப்பரும் கோலை விட்டுப் பக்கவாட்டில் நகர்ந்து வந்து வாங்கட்டும். கால் தப்பினால் கார்னர்தான் போகும், சொந்தக் கோல் ஆகாது.

என் ஸ்டாப்பருக்கு வலது கால் மட்டும்தான். நெருக்கினால் ஒரே பக்கம் திரும்பி மாட்டிக்கொள்கிறான். (கோவை)

இடது காலுக்குத் தினமும் பத்து நிமிடம் சுவரில் பாஸ் அடிக்கச் சொல்லுங்கள். மெதுவாகத்தான் வரும். ஆனால் அவன் மாட்டிக்கொள்வதற்குக் காலைவிட உடம்பின் கோணமே காரணமாக இருக்கலாம். பந்து வரும் திசையை நேராகப் பார்த்து நிற்பவனுக்கு எந்தக் கால் இருந்தும் பயனில்லை. பக்கவாட்டில் நின்று, எதிரிக்குத் தூரமாக உள்ள காலில் வாங்க வேண்டும். பந்து வருவதற்கு முன் தோளுக்கு மேல் ஒருமுறை பார்க்க வேண்டும். அவனுக்குப் பின்னால் நின்று விரல்களைக் காட்டுங்கள். பந்து காலுக்கு வரும் முன் எத்தனை விரல் என்று அவன் சொல்ல வேண்டும். பிள்ளைகள் இதை விளையாட்டாக எடுத்துக்கொண்டு ஆர்வமாகச் செய்கிறார்கள்.

எட்டு, ஒன்பது வயதிலேயே தொடங்கலாமா? (மதுரை)

தொடங்கலாம், உதவி இருந்தால். அமெரிக்காவில் ஏழு பேர் ஆட்டத்தில் தனியாக ஒரு கோடு போட்டு, கோல் கிக்கின்போதும் கீப்பர் கையில் பந்து இருக்கும்போதும் எதிரணி அதற்குப் பின்னால் போக வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் சின்னப் பிள்ளைகள் ஆடும் மினி சாக்கரிலும் கோல் கிக்குக்கு எதிரணி பாதி மைதானத்துக்குப் பின்வாங்க வேண்டும். நட்பு ஆட்டங்களில் எதிர்ப் பயிற்சியாளரோடு பேசி நீங்களும் இப்படி ஒரு கோடு வைத்துக்கொள்ளலாம். செலவு கொஞ்சம் சுண்ணாம்பு மட்டும்.

கீப்பர் பந்தை வைத்திருப்பதற்குப் புது விதி வந்திருக்கிறதாமே? (தஞ்சாவூர்)

ஆமாம், 2025–26 விதிப் புத்தகத்திலிருந்து. கையில் எட்டு விநாடிக்கு மேல் பந்தை வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர். முன்பு ஆறு விநாடியும் இன்டைரக்ட் ஃப்ரீ கிக்கும் இருந்தன. கடைசி ஐந்து விநாடியை நடுவர் கையை உயர்த்தி விரலால் எண்ணிக் காட்டுவார். உங்கள் போட்டியில் இது அமலில் இருக்கிறதா என்று அமைப்பாளரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். கீப்பர் பந்தைப் பிடித்த உடனே சைடு பேக்குகள் இருவரும் விரிந்து ஓடப் பழகியிருந்தால், பந்தைப் பிரித்துக் கொடுக்க எட்டு விநாடி தாராளம்.